உன் அம்மாவின் ஆடுகளை நான் விற்ற விவரம்

ப்ளம் ஹாலோ, மிசூரி.
மே மாதக் கடைசி ஞாயிறு, சர்ச்சிலிருந்து வந்து, சாப்பிட உட்காருவதற்கு முன்.

என் அன்பு மருமகள் ட்வைலாவுக்கு, உன்னுடைய ஒரே தாய்மாமன் வெர்லின் ஆசீர்வாதம் பண்ணி எழுதிக்கொள்வது. இங்கே நானும், என் வலது முழங்காலும், ஓடைத் தண்ணீரும், இந்த வருஷத்துப் புல்லும் கர்த்தர் கிருபையால் சௌக்கியம். அங்கே ஸ்பிரிங்ஃபீல்டில் நீயும், மாப்பிள்ளை கர்டிஸும், உங்கள் முன்னறையில் தங்கியிருக்கும் என் அக்காவும், டாக்டர்கள் அவளுக்கு வைத்த புது இடுப்பும் அவ்வண்ணமே சௌக்கியமாயிருக்க வேண்டிக்கொள்கிறேன்.

முதலில் சமாசாரம். ஆடெல்லாம் விற்றாகிவிட்டது. ஒன்று பாக்கியில்லை. நீ போனில் போட்ட நிபந்தனைகளில் ஒன்றையும் நான் மறக்கவில்லை. ஆடுகளைப் பிரிக்கக் கூடாது, கறிக்குப் போகக் கூடாது, பதிவுப் பத்திரத்தோடு, இனம் வளர்க்கிற ஒருவர் கைக்கு மொத்தமாகப் போக வேண்டும், பல் போன கிழட்டு ஓப்பலும் அதில் சேர்த்தி. அப்படிப் போனால்தான் அக்கா மனசு ஆறி உங்களோடு தங்குவாள், இல்லையென்றால் பிடித்து நடக்கிற அந்த நாலுகால் சட்டத்தைத் தள்ளிக்கொண்டே பண்ணைக்குத் திரும்பிவிடுவாள் என்று அழாத குறையாகச் சொன்னாய். மாசக் கடைசிக்குள் முடியாவிட்டால் மாப்பிள்ளை வந்து எல்லாவற்றையும் சந்தைக்கு ஏற்றி எடைபோட்டு விற்றுவிடுவார் என்றும் சொன்னாய். மாப்பிள்ளைக்கு அந்தச் சிரமத்தை நான் வைக்கவில்லை. இந்த வட்டாரத்தில் இப்படி ஒரு வியாபாரம் நடந்ததில்லை என்று தீவனக் கடையில் பேசிக்கொள்கிறார்கள். பேச்சை ஆரம்பித்து வைத்தது நான்தான், ஆனாலும் பேசிக்கொள்கிறார்கள்.

ஆனால் நடந்ததை ஒழுங்காகச் சொல்ல வேண்டுமென்றால் கொஞ்சம் பின்னாலிருந்து வர வேண்டும், ஏனென்றால் உன் அம்மா கட்டாடின் என்கிற இந்த ஜாதி ஆடுகளை வாங்கினதே என்னை ஒழிப்பதற்காகத்தான். உனக்கு அது தெரியாது, நீ அப்போது பல் விழுந்த குழந்தை. அந்தக் காலத்தில் நாங்கள் இரண்டு பேரும் கம்பளி ஆடுதான் வைத்திருந்தோம். நான் கத்தரிப்பேன், அக்கா ரோமத்தை உதறிச் சுருட்டிக் கட்டுவாள். எங்கள் பண்ணை முடிந்ததும் பழைய பிக்கப்பில் மெஷினைப் போட்டுக்கொண்டு ஊர் ஊராகப் போவோம். நான் ஒரு நாளைக்கு நூற்றைம்பது ஆடு கத்தரித்தவன். வழியெல்லாம் அக்கா பாடிக்கொண்டே வருவாள், சுதி சேராது, ஆனால் நிறுத்த மாட்டாள். மதியத்துக்குச் சோள ரொட்டியும் பன்றிக்கறியும் போட்ட பீன்ஸும் ஒரே தட்டில் சாப்பிடுவோம், என் பங்கில் அவள் கை வைப்பாள். கையெல்லாம் ஆட்டுக்கொழுப்பு ஒட்டி மெத்து மெத்தென்று இருக்கும், அந்த வாசனை ஞாயிற்றுக்கிழமை சட்டையில்கூடப் போகாது. அப்புறம் ஒரு வருஷம் கம்பளி விற்ற காசு கத்தரிக்கிற கூலிக்கே பற்றவில்லை. கூலி வாங்கியவன் நான். அக்கா நேரே அர்க்கன்சாவுக்கு வண்டியை விட்டாள், நாலு ஆட்டோடு திரும்பி வந்தாள். கம்பளியே கிடையாது, குளிருக்கு வளர்கிற ரோமமும் வசந்தம் வந்தால் தானாக உதிர்ந்துவிடுமாம், கத்தரியே வேண்டாமாம். நான் பார்த்துவிட்டு, "இது ஆடா நாயா அக்கா?" என்றேன். "எதுவா இருந்தா என்ன, உனக்குக் கூலி குடுக்க வேண்டாம்ல" என்றாள். நான் மெஷினை ஆணியில் மாட்டினேன். குட்டி போடுகிற காலத்திலிருந்து சோளம் அறுக்கிற காலம் வரைக்கும் அவளோடு பேசவில்லை. அப்புறம் அவள் ருபார்ப் தண்டு அடைத்த பை பலகாரம் சுட்டு என் வேலி மேல் வைத்துவிட்டுப் போனாள், நான் தின்றேன், அதோடு சரியாயிற்று. அந்த நாலு ஆட்டில் ஒன்றின் பேத்தி இந்த ஓப்பல். இப்போது விற்ற மற்றப் பெட்டைகள் எல்லாம் ஓப்பலின் மகள்களும் மகள் வயிற்றுப் பேத்திகளும்தான்.

இனி வியாபாரத்துக்கு வருகிறேன். விளம்பரம் கொடுத்ததும் முதலில் வந்தது கான்சஸ் சிட்டிப் பக்கமிருந்து ஒரு பல் டாக்டரும் அவர் சம்சாரமும். ஓய்வு பெற்றுப் புல்வெளியோடு வீடு வாங்கியிருக்கிறார்கள். மனுஷன் முதல் காரியமாக ஓப்பல் வாயைத் திறந்து பார்த்தார், தொழில் புத்தி எங்கே போகும், பார்த்துவிட்டு இதற்கு ஒன்றும் செய்வதற்கில்லை என்று வருத்தமாகச் சொன்னார். அந்த அம்மாள் பட்டியைப் பார்த்து மூக்கில் கைக்குட்டையை வைத்துக்கொண்டாள். உனக்குத் தெரியும், வசந்தத்தில் இந்த ஆடுகள் எப்படி இருக்கும் என்று. பாதி உதிர்ந்து பாதி தொங்கி, கோழி கிளறின மெத்தை மாதிரி, போகிற இடமெல்லாம் வேலிக்கம்பியில் தேய்த்துத் தேய்த்து. "இதுக்கெல்லாம் என்ன வியாதி?" என்று அந்த அம்மாள் கேட்டாள். நான் விளக்கினேன். அவள் காருக்குள் போய்க் கண்ணாடியை ஏற்றிக்கொண்டாள்.

அந்தச் சொல் என் நெஞ்சில் தைத்துவிட்டது. ஒரு நாளைக்கு இருநூறு ஆடு கத்தரித்த வெர்லின் பொறுப்பில் நிற்கிற ஆட்டைப் பார்த்து வியாதி என்று கேட்பதா? அடுத்து வரப்போவது அயோவாவிலிருந்து மார்லிஸ் பெக்டல் என்கிற பொண்ணு, கட்டாடின்தான் அவள் பிழைப்பு, பத்திரங்களின் நகலை எல்லாம் தபாலில் வாங்கிப் படித்துவிட்டு, மற்றதெல்லாம் சரி, ஆனால் பல் போன கிழவி வேண்டாம் என்று போனிலேயே கறாராகச் சொன்னவள். இவள் வரும்போதாவது ஆடுகள் மாப்பிள்ளை அழைப்புக்குக் கிளம்பினாற்போல இருக்கட்டும் என்று ஆணியிலிருந்து மெஷினை எடுத்தேன். அக்கா போன வாரம்தான் போனில், "வெர்லின், நீ ஒண்ணும் பண்ணாதே, தண்ணி மட்டும் வை" என்று சொல்லியிருந்தாள். என் கைவேலை மேல் அவளுக்கு எப்போதுமே ஒரு இது என்று நினைத்துக்கொண்டேன்.

கத்தரித்தேன். ஒவ்வொன்றாகப் பிடித்து உட்காரவைத்து, கிடா உட்பட. முழங்கால் கூப்பாடு போட்டது, கை மட்டும் ஒன்றையும் மறக்கவில்லை. முதல் ஆட்டை முடித்ததும் ரோமத்தை அள்ளி இடது பக்கம் பின்னால் நீட்டினேன். வாங்க ஆளில்லை. நீட்டினபடியே கொஞ்ச நேரம் நின்றேன், அது பஞ்சு பஞ்சாகக் கலைந்து தரையில் விழுந்தது, சுருட்டிக் கட்ட அதில் ஒன்றுமில்லை. அதற்கப்புறம் ஒவ்வொரு ஆட்டுக்கும் அதே மாதிரி நீட்டினேன், பழக்கம். அது கிடக்கட்டும். ஓப்பல் மட்டும் அகப்படவில்லை. மெஷின் சத்தம் கேட்டதுமே குளத்தில் இறங்கி வயிறளவுத் தண்ணீரில் நின்றுகொண்டது. நான் கரையிலிருந்து கெஞ்சினேன், தவிட்டைக் காட்டினேன், மிரட்டினேன். அசை போட்டுக்கொண்டே என்னைப் பார்த்தது. அந்தப் பார்வை அச்சாக உன் அம்மா பார்வை. போ, எப்படியும் உன்னை அவள் வாங்கப் போவதில்லை என்று விட்டுவிட்டேன். ஓப்பல் அக்கரையில் ஏறி தேவதாரு மரங்களுக்குள் போய்விட்டது.

மறுநாள் மார்லிஸ் வந்தாள். சின்னப் பொண்ணு, பெரிய பூட்ஸ். பட்டியில் என் வேலை வரிவரியாக மினுமினுத்துக்கொண்டிருந்தது, கண் கூசும். அவள் வேலியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டாள். அழகில் மயங்கிவிட்டாள் என்று நினைத்து நான், ஒரு நாளைக்கு முந்நூறு ஆடு கத்தரித்த கை இது என்று ஆரம்பித்தேன்.

"ஐயா, யாரு இதுங்களைக் கத்தரிச்சது?"

"நான்தாம்மா. கூலி எதுவும் கேக்க மாட்டேன்."

"கத்தரிக்காமலே ரோமம் உதிருதான்னு பாக்கத்தான் நான் ஏழு மணி நேரம் வண்டி ஓட்டிட்டு வந்தேன். இப்போ எனக்கு எப்படித் தெரியும், தானா உதிர்ந்துச்சா, நீங்க எடுத்தீங்களான்னு?"

ட்வைலா, ஆயுசில் இரண்டு தடவைதான் எனக்குப் பேச்சு வராமல் போயிருக்கிறது. முதல் தடவை என் கல்யாணத்தில். கட்டாடின் ஆட்டைக் கட்டாடின் என்று சொல்லவைப்பதே அது தானாக உதிர்க்கிறதுதான், அதைத்தான் நான் துப்புரவாக வழித்து எடுத்திருக்கிறேன் என்று அப்போதுதான் உறைத்தது. உதிர்ந்தது, என் கண்ணால் பார்த்தேன், பல் டாக்டர் சம்சாரத்தைக் கேள் என்றேன். அவள் மரியாதையாகத் தலையாட்டினாள். பேப்பரில் எல்லாம் நன்றாக இருக்கிறது, ஆனால் ஒட்டக் கத்தரித்த ஆட்டை இனத்துக்கு வாங்கிப் போனால் மற்ற பண்ணைக்காரர்களும் சிரிப்பார்கள், என்னிடம் வாங்குகிறவனும் சிரிப்பான், அடுத்த வசந்தம் வரைக்கும் காத்திருக்க முடியுமா என்று கேட்டாள். எங்கே காத்திருப்பது, மாசம் முடிய ஒரு வாரம்தான். அவள் வண்டிச் சாவியை எடுத்துவிட்டாள். எனக்கு என் மானம்கூடப் பெரிதாகத் தெரியவில்லை, சந்தையில் தராசு மேல் நிற்கிற ஆடுகளும், உன் வீட்டு முன்னறையில் வாசலைப் பார்த்து உட்கார்ந்திருக்கிற அக்காவும்தான் தெரிந்தார்கள்.

அப்போதுதான் ஓப்பல் வந்தது. யாரும் கூப்பிடவில்லை. மார்லிஸ் வண்டிக் கதவைத் திறந்த சத்தத்தைத் தீவன வாளி என்று நினைத்துக்கொண்டதோ என்னவோ, மரங்களுக்குள்ளிருந்து நேராக நடந்து வந்தது. கழுத்து, தோள், வயிறு எல்லாம் உதிர்ந்து வெள்ளை வெளேரென்று வழவழப்பாக இருக்கிறது, முதுகில் மட்டும் ஒரு பழைய கம்பளித் துண்டு போர்த்தினாற்போலப் பாக்கி தொங்குகிறது. மார்லிஸ் குனிந்து அந்தத் துண்டைப் பிடித்து இழுத்தாள். முழுசாகக் கையோடு வந்துவிட்டது. கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தாள், நல்ல சிவப்பு, வயிற்றில் பூச்சி இல்லை. வயசைக் கேட்டாள், சொன்னேன். போன வருஷம்கூட இரட்டைக் குட்டியா என்று கேட்டாள், ஆமாம் என்றேன், அதில் பொய் இல்லை.

"இதுங்க எல்லாம் இவ வயித்துப் புள்ளைங்கதானே?"

"பொட்டை அத்தனையும்."

வேலிக்குள் நின்ற ஆடுகளை ஒரு தடவை எண்ணினாள். "இந்தக் கெழவி வந்தா மத்ததை எடுத்துக்கிறேன். வரலன்னா வேண்டாம். நீங்க பண்ணி வச்சிருக்கிற வேலைக்கு எனக்கு ஒரு சாட்சி வேணும்."

வாங்க வந்தவளே வேண்டாம் என்று சொன்ன ஆடு, ட்வைலா! அதுதான் மற்றதையெல்லாம் விற்றுக் கொடுத்தது. இப்போது யோசித்துப் பார்த்தால், ஓப்பலை நான் குளத்தில் விட்டதே ஒரு திட்டத்தோடுதான் என்று தோன்றுகிறது, தீவனக் கடையிலும் அப்படித்தான் சொல்லியிருக்கிறேன். எல்லாம் ஏறின பிறகு கடைசியாக ஓப்பல் தானாகவே வண்டியில் ஏறியது. நான் வாசல் வரைக்கும் போய் நின்றேன். வண்டி திரும்பி மறைந்ததும் பண்ணை ரொம்பப் பெரிசாக இருந்தது. காற்றுக்கு வேலியில் தொங்கின ரோமம் மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. சரி, விட்டது தொல்லை. இனி என் ஆயுசுக்கும் என் நிலத்தில் ஒரு ஆட்டுக் குளம்பு படாது, இது சத்தியம். விலை விவரம் மாப்பிள்ளை போனில் கேட்டுக்கொள்ளட்டும், எழுதினால் நம்ப மாட்டார்.

அக்காவிடம் பக்குவமாகச் சொல். எல்லாம் ஒன்றாகப் போயின, நல்ல பொண்ணு, நல்ல புல், ஓப்பலுக்குத் தனி மரியாதை என்று சொல். கத்தரித்த விஷயத்தைச் சொல்லாதே. உனக்கும் மாப்பிள்ளைக்கும் ஆண்டவர் நீண்ட ஆயுளும், குறைவில்லாத மழையும், வீட்டில் அமைதியும் அருள்வாராக. அக்கா கேட்டால் நான் ஒழுங்காகச் சாப்பிடுகிறேன் என்று சொல்.

இப்படிக்கு,
ஒரு நாளைக்கு நானூறு ஆடு கத்தரித்த உன் மாமன்,
வெர்லின் ஸ்ட்ரௌட்

பின்குறிப்பு: தபால் தலை வாங்க மறந்து இந்தக் கடிதம் இரண்டு வாரமாக மேசையில் கிடந்துவிட்டது. அதற்குள் சிறிய மாறுதல். ஓப்பல் என் சமையலறை வாசலில் நிற்கிறது. அயோவாவில் மற்றதெல்லாம் மேய்ந்து கொழுக்கின்றனவாம், இது மட்டும் போன நாளிலிருந்து தெற்கே பார்த்து நின்றுகொண்டு வாயில் எதையும் வைக்கவில்லையாம். மார்லிஸே கொண்டுவந்து இறக்கினாள். சாட்சிக்குப் படம் பிடித்து வைத்துக்கொண்டாளாம், அது போதுமாம். இறங்கின உடனே என் பீன்ஸ் பாத்தியைத் தின்றுவிட்டது.

நேற்று அக்கா போன் பண்ணினாள். அயோவாவில் ஓப்பல் ராணி மாதிரி இருக்கிறாள், மார்லிஸ் அவளுக்கென்று தனிக் கொட்டகை போட்டிருக்கிறாள் என்று நான் சொல்லிக்கொண்டிருக்கும்போதே வாசலில் அது கத்தித் தொலைத்தது. "யாருடா அது?" என்றாள். பக்கத்து வீட்டு ஆடு என்றேன். "டேய் வெர்லின், உன் பக்கத்து வீடு என் வீடுடா" என்றாள். பிறகு சிரித்தாள். எவ்வளவு நேரம் என்று கேட்காதே. ஆஸ்பத்திரிக்குப் போனதிலிருந்து அவள் அப்படிச் சிரித்து நான் கேட்கவில்லை. கடைசியில், ஆட்டைத் தனியாக வைத்தால் ஏங்கிச் செத்துப்போகும், துணை வேண்டும் என்று சொல்லி போனை வைத்துவிட்டாள்.

ஆகையால் மார்லிஸிடம் ஓப்பலின் பேத்திகளில் இரண்டைத் திரும்ப விலைக்குக் கேட்டிருக்கிறேன். கொடுக்கிறேன் என்கிறாள், விலைதான் கொஞ்சம் கூட. பத்திரம் யார் பெயருக்கு மாற்ற வேண்டும் என்று கேட்டாள். உன் அம்மா நடீன் பெயருக்கு என்று சொல்லிவிட்டேன். கையெழுத்துப் போட அக்கா இங்கே வந்துதான் ஆக வேண்டும், நீ ஒன்றும் நினைத்துக்கொள்ளாதே.