சாட்சிப் பொருளைத் தொடாதே!

எங்கள் வாஷிங் மெஷின் நடக்கக் கற்றுக்கொண்ட அன்று அப்பா டிவி பார்த்துக்கொண்டிருந்தார்.

துணியைப் பிழியும் நேரம் வந்ததும் அது கடகடவென்று ஆடியது. குழாயைப் பிடுங்கிக்கொண்டு, வயரை இழுத்துக்கொண்டு, குளியலறையிலிருந்து நேராக ஹாலுக்கு வந்தது. சம்பள உயர்வு கேட்க வந்த ஊழியர் மாதிரி அப்பாவின் நாற்காலி முன்னால் நின்று நாலு குலுக்குக் குலுக்கியது. அப்புறம் அடங்கியது.

வாங்கி ஏழு மாதம்தான் ஆகிறது. வாரண்டி இரண்டு வருடம். நான் சட்டக் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு மாணவி. ரத்தம் கொதிக்காதா?

"பணத்தைத் திருப்பி வாங்காம ஓயமாட்டேன்!" என்று அப்பா நாற்காலி மேல் ஏறி நின்று முழங்கினார். லட்சிய வெறியில் ஏறவில்லை. கீழே தண்ணீர்.

அம்மா மருத்துவமனையில் நர்ஸ். எதற்கும் பதறமாட்டாள். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, "எதுக்குங்க பணம்? மெக்கானிக்கை அனுப்பச் சொன்னா வந்து சரி பண்ணிட்டுப் போறாங்க" என்றாள்.

"சரி பண்ண விட்டா போச்சு! அப்புறம் பணம் எப்படி வரும்?"

"பணம் வந்தாலும் புது மெஷின்தானே வாங்கணும்?"

"அது... பொறுமையா யோசிப்போம்."

அப்பா எப்போதோ யோசித்து முடித்துவிட்டார். கடைத்தெருவில் சுவர் அகலத்துக்கு ஒரு டிவி வந்திருக்கிறது. அதில் பார்த்தால் கோல்கீப்பரின் மூக்கு முடிகூடத் தெரியுமாம். மெஷின் பணம் கைக்கு வந்தால் அந்த டிவி, அம்மாவுக்குத் தெரியாமல் வீடு வந்து சேரும். இது என்னிடம் மட்டும் சொன்ன ரகசியம்.

எனக்கு டிவி முக்கியமில்லை. கொள்கை முக்கியம். விற்றவருக்கு முதலில் பழுது பார்க்க ஒரு வாய்ப்புத் தரலாம் என்று பாடப்புத்தகத்தில் ஒரு பக்கம் இருக்கிறது. அந்தப் பக்கத்தை நான் கொஞ்சம் வேகமாகப் புரட்டிவிட்டேன்.

"சரி. நியாயம் கிடைக்கிற வரைக்கும் துணியை யார் தோய்க்கிறது?" என்றாள் அம்மா.

"நான்!" என்றார் அப்பா.

வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வது எங்கள் வீட்டில் அப்பாவழிச் சொத்து.

மெஷினை அதன் இடத்துக்கே தள்ளிக்கொண்டு போனேன். பழைய போர்வையால் மூடி, சுற்றிலும் டேப் ஒட்டி, ஒரு அட்டையில் எழுதி மாட்டினேன்: 'சாட்சிப் பொருள். தொடாதே.'

அம்மாவையும் போரில் இறக்க வேண்டுமே! சாப்பிடும்போது பிடித்துக்கொண்டேன். "காசு குடுத்து வாங்கினவங்க மட்டுமில்லம்மா. அவங்க சம்மதத்தோட பயன்படுத்துறவங்களும் நுகர்வோர்தான். உனக்கும் எல்லா உரிமையும் இருக்கு!"

அம்மா கரண்டியைக் கீழே வைத்தாள். "எனக்குமா? இன்னொரு தடவை தெளிவாச் சொல்லு."

சொன்னேன். மூன்று உதாரணங்களோடு.

அதற்கப்புறம் ஒரு மாதம் அப்பா வாளியும் கையுமாகத் திரிந்தார். ஆபீசில் கோப்புகளைப் புரட்டிய கை, வீட்டில் காலர் அழுக்கைப் புரட்டியது. பெட்ஷீட் என்றால் நானும் கூட்டு. ஆளுக்கொரு முனையைப் பிடித்து முறுக்குவோம். பெட்ஷீட்டைவிட நாங்கள்தான் அதிகம் முறுக்கிக்கொண்டோம்.

"அப்பா, நீங்க இடது பக்கம் திருப்பினா நான் வலது பக்கம் திருப்பணும்!"

"அப்படித்தானே திருப்பறேன்!"

"எனக்கு வலதுன்னா உங்களுக்கு எது?"

"தலைவலி."

அம்மா எட்டிப் பார்த்து உச்சுக்கொட்டுவாள். "பாவம். என் யூனிஃபார்மை மட்டும் நானே பார்த்துக்கறேங்க."

அப்பா நெகிழ்ந்துபோவார். "பார்த்தியா, உங்கம்மாவுக்கு என்ன மனசு!"

நான் கடைக்குப் போன் மேல் போன் போட்டேன். நோட்டீஸ் என்றேன். வழக்கு என்றேன். கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மேலாளரே மெக்கானிக்கைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

"கோளாறைக் கண்ணால பார்த்துட்டா, பணத்தைத் திருப்பிக் குடுத்துடறோம் சார்."

அப்பாவின் முகம் சுவர் அகலத்துக்கு விரிந்தது. அவரும் நானும் பரபரவென்று ஹாலைக் காலி செய்தோம். சோபா, மேஜை, செருப்பு அலமாரி எல்லாம் படுக்கையறைக்குப் போயின. மெஷின் ஓடி வர வழி வேண்டுமே!

மெக்கானிக் தலையைச் சொறிந்தார். "சார், இந்த மெஷினை நான்..."

"நீங்க பேசக்கூடாது. நீங்க எதிர்த்தரப்பு!" என்றேன்.

போர்வையை விலக்கினேன். பெட்ஷீட்டுகளைத் திணித்தேன். பொத்தானை அழுத்தினேன். தண்ணீர் சுழன்றது, வடிந்தது. பிழியும் நேரம் வந்தது.

"தள்ளி நில்லுங்க! பாயும்!" என்று கத்தினார் அப்பா.

மெஷின் தாலாட்டுப் பாடியது. மேலாளர் தன் டீ டம்ளரை அதன் தலையில் வைத்துப் பார்த்தார். டீயில் ஒரு சிற்றலைகூட இல்லை.

"புது ஆளுங்கன்னா அதுக்குக் கொஞ்சம் கூச்சம்," என்றார் அப்பா. பிறகு ஹாலில் குந்தி உட்கார்ந்து, நடை பழகும் குழந்தையைக் கூப்பிடுவதுபோல் இரண்டு கையையும் நீட்டினார். "வா... வா... அப்பாகிட்ட வா..."

மெக்கானிக்குக்குத் தாங்கவில்லை. "அது வராது சார்! தொட்டியைத் தாங்கற ஸ்பிரிங் ஒண்ணு அறுந்திருந்துச்சு. போன மாசமே மாத்திட்டேன். அக்கா, சார்கிட்ட சொல்லலையா?"

எல்லோரும் சமையலறை வாசலைப் பார்த்தோம். அக்கா என்கிற என் அம்மா, புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா! நான் டேப் ஒட்டி வெச்ச சீலை உடைச்சியா?"

"உடைக்கல. பிரிச்சேன். நீங்க ரெண்டு பேரும் வெளிய போனதும் பிரிச்சு, யூனிஃபார்மைத் துவைச்சு, மறுபடி ஒட்டிடுவேன். டேப்தான் நிறைய ஆச்சு."

"வாங்கினது அப்பா! அவரைக் கேக்காம சரி பண்ணச் சொல்ல உனக்கு என்ன உரிமை?"

"எல்லா உரிமையும் இருக்கு. மூணு உதாரணத்தோட நீதானே சொன்னே?"

மேலாளர் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"அப்ப என் டிவி?" அப்பாவுக்கு வாய் முந்திக்கொண்டது.

"எந்த டிவிங்க?"

"ஒண்ணுமில்ல... பொதுவா டிவி... அது போகட்டும். போன மாசமே சரியாயிடுச்சுன்னா நான் ஏம்மா துணி தோய்ச்சேன்?"

"நீங்கதான் ஆசையாக் கேட்டு வாங்கிக்கிட்டீங்க. அதுவும் அப்பனும் மகளும் இவ்வளவு ஒத்துமையா வேலை செஞ்சு நான் பார்த்ததே இல்ல. கலைக்க மனசு வரல."

வந்தவர்கள் டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பினார்கள். மேலாளரின் சிரிப்பு தெருமுனை வரை கேட்டது. அப்பா தொங்கிய முகத்தோடு படுக்கையறைக்குப் போய் சோபாவை இழுக்க ஆரம்பித்தார்.

"இருங்க, இருங்க. அது அங்கயே கிடக்கட்டும்." வெறிச்சோடிக் கிடந்த ஹாலை அம்மா ஆசை தீரப் பார்த்தாள். "இதை ஒரு நாள் காலி பண்ணிக் குடுங்கன்னு எத்தனை நாளாக் கெஞ்சறேன்! தரை தேய்க்கிற பிரஷ் பாத்ரூம்ல இருக்கு."

எதிர்வாதத்துக்கு ஒரு பாயிண்ட் தேடினேன். கையில் வாளிதான் கிடைத்தது.