ஒரு நூல் முன்னால்

மோட்டார்சைக்கிளின் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிய ஓட்டைக்குள் மனைவியின் ஸ்வெட்டர் பின்னும் ஊசியை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தார் மேனேஜர். அவர் ஓய்வு பெற்று மூன்று வருடம் ஆகிறது. பட்டம் மட்டும் இன்னும் ஓய்வு பெறவில்லை.

அப்பா காலத்து அந்த வண்டி எட்டு மாதமாக வாசலை அடைத்துக்கொண்டு நிற்கிறது. “டைமிங் போயிடுச்சு” என்று அவர் சொன்னதைத் தெருவே நம்பியது. முந்தின நாள்கூட ஓய்வு பெற்றோர் சங்கத்தில் அதைப் பற்றி ஒன்றரை மணி நேரம் விளக்கிவிட்டு வந்தார். வீடு திரும்பினால் மனைவியின் தீர்ப்பு தயாராக இருந்தது. நாளை நாலு மணிக்குள் கிளம்பினால் வண்டி வீட்டோடு இருக்கும். கிளம்பாவிட்டால் பழைய இரும்புக்காரரோடு போகும்.

“முதல்ல ஒரு உதை உதைச்சுத்தான் பாருங்களேன்” என்றாள் அவள், ஜன்னல் வழியாக.

“எடுத்ததும் உதைக்க இது என்ன பந்தா? பிஸ்டன் உச்சிக்கு வர்றதுக்கு ஒரு நூல் முன்னால பொறி விழணும். உனக்கு இதெல்லாம் புரியாது.”

“சரி. ஊசி வளையாம வந்தா போதும்.”

ஊசி வளைந்துதான் வந்தது.

அடுத்து, பொறியை விழவைக்கும் பாயிண்ட் எப்போது திறக்கிறது என்று பார்க்க மெல்லிய தாள் வேண்டியிருந்தது. மேனேஜர் மாடியைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

“அண்ணே, உங்க சிகரெட்ல ஒண்ணை உரிச்சு அந்தத் தாளைப் போடுங்க.”

மாடி வீட்டுக்காரர் சிகரெட்டை விட்டு இரண்டு வருடமாகிறது என்று நம்பிக்கொண்டிருந்த அவர் சம்சாரம், பக்கத்தில்தான் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். தாள் வந்தது. கூடவே முழுப் பாக்கெட்டும் வந்து விழுந்தது. மாடி வீட்டுக்காரரை அதன்பின் யாரும் பார்க்கவில்லை.

மேனேஜர் தாளைச் செருகினார், இழுத்தார், பாயிண்ட் உட்கார்ந்திருக்கும் தகட்டைத் திருப்பினார், திருகை முடுக்கினார். ஓங்கி உதைத்தார். கிக்கர் அவரைத் திருப்பி உதைத்தது. சைலன்ஸர் வெடித்த வெடியில், எதிர்வீட்டுப் பல் டாக்டர் விரலில் கட்டோடு வந்து நின்றார்.

“என்ன டாக்டர், விரல்ல?”

“பேஷண்ட் கடிச்சுட்டார். பல்லெல்லாம் உறுதியாத்தான் இருக்கு. இன்னொரு தடவை வெடிச்சா, மிச்சப் பல்லை நீங்க வந்து பாத்துக்குங்க சார்.”

தகட்டை மறுபக்கம் திருப்பினார். இப்போது வண்டி வெடிக்கவில்லை, இருமக்கூட இல்லை. முப்பது உதைக்குப் பிறகு, தகடு முதலில் எங்கே இருந்தது என்பதும் அவருக்கு மறந்துபோயிற்று.

நாலு மணிக்கு இரும்புக்காரர் நடந்து வந்தார். கையில் ஒரு ஹெல்மெட் மட்டும். மேனேஜருக்கு உயிர் வந்தது.

“இதைத் தூக்கிட்டுப் போக வண்டியே கொண்டுவரலையே நீங்க? இன்னொரு நாளைக்கு வாங்க.”

“எதுக்கு சார் தூக்கணும்? ஓட்டிட்டே போயிடலாம்னுதான் வந்தேன். நேத்து உங்க வீட்டு அக்காதானே இதை ஓட்டிட்டு வந்து, எடை போட்டுப் பாத்துட்டு, ஓட்டிட்டுப் போனாங்க.”