டிகிரி அண்ணாச்சி வீட்டில் சொல்லாதது

எண்ணெய் மாலிஷ் பாதியில் இருக்கும்போதே ஆட்கள் எழுந்து ஓடியிருக்கிறார்கள் என்றால், ஐந்தருவியில் அது டிகிரி அண்ணாச்சியிடம் மட்டும்தான். பத்தாவது தாண்டாதவர். பூமி எத்தனை டிகிரி சூடேறியிருக்கிறது என்று எல்லோரிடமும் சொல்லிச் சொல்லியே கிடைத்த பட்டம்.

மாலிஷுக்கு வந்தவர் கழுத்தை ஒரு பக்கமாகத் திருப்பிப் பிடித்துக்கொண்டுதான் ஆரம்பிப்பார். "துருவத்துல பனி பூரா உருகுது. கடலு ஊருக்குள்ள வருது. நீரு இங்கன சொகமா படுத்துக் கெடக்கீரு!" கழுத்து அவர் கையில் இருக்கும்போது யார் மறுத்துப் பேசுவார்கள்? செங்கோட்டைக் கல்யாணம் ஒன்றில் மாப்பிள்ளைக்குத் திருநீறு பூசிவிட்டு, "பிள்ள பெத்துக்கிடணுமான்னு ஒரு தடவ யோசிச்சுக்கிடும் வே" என்றார். பெண்ணின் தாய்மாமன் அவரைப் பந்தியில் உட்காரவிடவில்லை.

மனைவி செல்லம்மக்கா ஆய்க்குடிப் பக்கம் வயல் வேலைக்குப் போவார். இவர் வாயைத் திறந்தாலே, "ஆரம்பிச்சுட்டியளா? பனி உருகட்டும், நான் களை பறிச்சுட்டு வாரேன்" என்று சிரித்தபடி கிளம்பிவிடுவார். சாரல் பொய்த்த ஓர் ஆனி மாதம், உச்சி வெயிலில் வரப்பில் மயங்கி விழுந்தவர், பிறகு கண் திறக்கவே இல்லை.

துக்கம் கேட்கப் போனேன். என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஒலகத்துக்கே சொன்னேன் வே. 'ஏட்டி, இன்னைக்கு வெயிலு சரியில்ல, போவாத'ன்னு அவகிட்ட ஒரு வார்த்த சொல்லலியே."

சில மாதங்கள் கழித்து மறுபடி அருவிக்கு வந்தார். பனியும் கடலும் பேச்சில் இல்லை. தலையில் எண்ணெயை வைத்துவிட்டு, "உங்க பக்கம் வெயில்ல வேல பாக்குதது யாரு?" என்று மட்டும் கேட்பார். அப்புறம் மாலிஷுக்கு வந்தவர்கள்தான் பேசுவார்கள். யாரும் எழுந்து ஓடவில்லை.

வயலுக்குப் பெண்களை வேனில் கூட்டிப்போகும் ஒருவர் அப்படித்தான் பேசிக்கொண்டே இருந்தார். முடிவில் அண்ணாச்சி, "உச்சிக்கு முன்னால அவியள வீட்டுக்கு அனுப்பிருவீயளா?" என்றார். மறுவாரத்திலிருந்து அந்த வேன் விடியற்காலையில் போய், பத்து மணிக்கெல்லாம் திரும்பியது.

சேதியைச் சொன்னேன். வெகுநேரம் எண்ணெய்க் கிண்ணத்தையே துடைத்துக்கொண்டிருந்தார்.

"நல்லதுய்யா. அன்னைக்கே இப்பிடின்னா அவளும் அதுல வந்து எறங்கியிருப்பா."

எனக்கு உடம்பில் எந்த வலியும் கிடையாது. எண்ணெய்ப் பிசுக்கென்றாலே ஆகாது. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமையானால் போய் அவர் முன்னால் உட்கார்ந்துவிடுகிறேன்.