பாத்திரத் தொட்டிக்குப் பூசிய திருநீறு

கோபமாக இருக்கும்போது எதையும் எழுதக் கூடாது என்பார்கள். நானும் கோபம் தணியட்டும் என்று அறுபது வருஷமாகக் காத்திருந்து பார்த்தேன். தணிகிற வழியாகத் தெரியவில்லை. இனியும் காத்திருந்தால் நான் போய்விடுவேன், கோபம் மட்டும் இங்கே கிடக்கும். ஆகையால் எழுதிவிடுகிறேன்.

எங்கள் வீடு தென்காசியில். குற்றாலம் கூப்பிடு தூரம். இதில் மாமனாருக்கு ஏகப்பட்ட பெருமை. (அவருக்கென்ன, பெருமைப்பட்டுக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருப்பார்.) ஆனி மாசம் சாரல் விழுந்ததோ இல்லையோ, மதுரையிலிருந்தும் மெட்ராஸிலிருந்தும் உறவுக்காரர்களுக்கு எங்கள் ஞாபகம் வந்துவிடும். குளிக்க வந்தோம் என்று யாராவது வாயைத் திறந்து சொல்வார்களா? மாட்டார்கள். "ஒங்களப் பாத்து எம்புட்டு நாளாச்சு!" என்றுதான் பெட்டியை இறக்குவார்கள். எங்களைப் பார்ப்பது வாசலில் செருப்பைக் கழற்றுகிற நேரம் மட்டும். மற்ற நேரமெல்லாம் அருவிதான். அருவியில் குளித்துவிட்டு வருகிறவர்களுக்கு ஒரு பசி வரும் பாருங்கள், அடுப்பையே பிடுங்கித் தின்கிற பசி.

அத்தனை பேர் தின்ற பாத்திரத்தையும் கழுவ எங்கள் அடுக்களையில் இருந்தது அங்கணம். மூலையில் தரையோடு தரையாக வரம்பு கட்டிய ஒரு பள்ளம், அவ்வளவுதான். அதன் ஓரத்தில் குத்தவைத்து உட்கார்ந்து, சாம்பலும் புளியும் தேங்காய் நாருமாக வெண்கலப் பானைகளைத் தேய்க்க வேண்டும். வேலைக்கு இருந்தவள் சீசன் வந்தால் குற்றாலத்துக் கடைகளுக்குப் போய்விடுவாள். அப்புறம் யார்? வீட்டுக்கு ஒரே மருமகள் நான்தான்.

சீனாக்காரன் சண்டைக்கு அடுத்த வருஷம் அது. சாரல் தொடங்குவதற்குள் எனக்கு ஆறு மாசம் ஆகிவிடும். வயிற்றோடு குத்தவைத்தால் சுவரைப் பிடித்து, அண்டாவைப் பிடித்து, ஊரைக் கூட்டித்தான் எழுந்திருக்க முடியும். நல்லவேளையாக முந்தின ஐப்பசி மழையில் அடுக்களையின் பின்சுவர் விழுந்திருந்தது. (சுவர் விழுந்ததை நல்லவேளை என்று சொன்னவள் அந்த வீட்டில் நான் ஒருத்திதான்.) சுவரைத் திரும்பக் கட்டும்போது, நின்றுகொண்டே பாத்திரம் கழுவ ஒரு தொட்டி வேண்டும் என்று என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். பள்ளிக்கூட வாத்தியார். யோசிக்காமல் சரி என்றார். அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

தொட்டியை எதில் செய்வது என்று முடிவு பண்ண மாமனாரும் அவரும் கொத்தனாரும் முன்கட்டில் கூடினார்கள். மூன்று பேரில் ஒருவர்கூட ஆயுசில் ஒரு கரண்டியைக் கழுவியவர் இல்லை.

"பீங்கான் வைப்போம்ப்பா. குத்தாலத்துல ஒரு பங்களாவுல பாத்தேன், பால் மாதிரி இருக்கு" என்றார் என் வீட்டுக்காரர்.

"பீங்கானா? ஆஸ்பத்திரியில சீழும் ரத்தமும் கழுவுத சாமான்லா அது? அதுல சோத்துப் பானையைக் கழுவச் சொல்லுதியாலே?" என்றார் மாமனார்.

"சிமெண்டுல கட்டி மேல செவப்புப் பூசிருவோம் அண்ணாச்சி. சல்லிசா முடிஞ்சிரும்" என்றார் கொத்தனார்.

மாமனாரின் ஆசை மொசைக்கில் இருந்தது. யாரோ ஒரு கடைக்காரர் கொடுத்த மொசைக் துண்டு ஒன்றைக் கையில் வைத்துத் தடவிக்கொண்டே பேசினார். என்னிடம் ஒரு வார்த்தை? ஊஹூம். கேட்டிருந்தாலும் நான் நேரே பதில் சொல்லக் கூடாது. மருமகள் மாமனாரோடு பேசுகிற வழக்கம் எங்கள் வீட்டில் கிடையாது. நான் கதவுக்குப் பின்னால் நின்று அத்தையிடம், அதாவது என் மாமியாரிடம், சொல்ல வேண்டும், பக்கத்தில் இருக்கிற மாமனாருக்கு அதை அத்தை திருப்பிச் சொல்ல வேண்டும். நான் பேசியது காதில் விழுந்தாலும், அத்தை சொல்லி முடிக்கும்வரை அவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

"அத்தை, வெண்கலப் பானை கை நழுவுனா பீங்கான் ரெண்டாப் போயிரும்னு மாமாட்ட சொல்லுங்க" என்றேன். அத்தை சொன்னாள். "சாம்பல் போட்டுத் தேச்சா சிமெண்டு மணலா உதிரும்னு சொல்லுங்க. நாளைக்குச் சோத்துல மணல் கடிச்சா என்னையத்தான் ஏசுவிய." அதையும் சொன்னாள்.

மொசைக்கை வாயால் ஜெயிக்க முடியாது என்று தெரிந்தது. அந்தத் துண்டை அத்தை மூலமாக வாங்கி, நடுவில் புளியை அப்பி, வைக்கோல் படப்புக்குப் பின்னால் வைத்துவிட்டேன். மறுநாள் கழுவிக் கொடுத்தேன். பளபளப்பெல்லாம் போய், நடுவில் தேமல் விழுந்தது போல் இருந்தது. மாமனார் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பாவமாகத்தான் இருந்தது, ஆனால் நான் விடவில்லை.

"கருங்கல்லுன்னு சொல்லுங்க அத்தை. நம்ம அம்மி தேஞ்சிருக்கா? ஆட்டுரல் ஒடைஞ்சிருக்கா?"

கருங்கல் என்றே முடிவானது. குற்றாலம் போகிற வழியில் இருந்த கல்தச்சர் ஒரே கல்லில் தொட்டியைக் குடைந்து மாட்டுவண்டியில் கொண்டுவந்தார். "நந்திக்குன்னு எடுத்த கல்லு அண்ணாச்சி. ஓரத்துல ஒரு வரி ஓடிச்சு, செலைக்கு ஆகாதுன்னு வச்சிருந்தேன்" என்று பெருமையோடு சொன்னார். கொத்தனார் இரண்டு செங்கல் தூண் எழுப்பி, இடுப்பு உயரத்தில் அதை ஏற்றினார். கரேலென்று, தொட்டால் ஜில்லென்று, அப்படி ஒரு அழகு.

இத்தோடு வாயை மூடிக்கொண்டு ஏனத்தைக் கழுவியிருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை. ஜெயித்த மிதப்பு என்னைச் சும்மா இருக்க விட்டதா? வெள்ளிக்கிழமையாகப் பார்த்து, முதல் தண்ணீர் அருவித் தண்ணீராகத்தான் இருக்க வேண்டும் என்று வீட்டுக்காரரைக் குற்றாலத்துக்குக் குடத்தோடு விரட்டினேன். தொட்டியின் முகப்பில் திருநீற்றைக் குழைத்து மூன்று கோடு இழுத்தேன். நடுவில் குங்குமம். மேலே ஒரு முழம் பிச்சிப்பூ. கற்பூரம் வேறு காட்டினேன். யாரும் சொல்லவில்லை, நானாகச் செய்தேன். புது அடுப்புக்குப் பொட்டு வைக்கிறோம், வண்டிமாட்டுக்கு வைக்கிறோம், தொட்டிக்கு வைத்தால் என்ன என்று நினைத்தது என் மர மண்டை.

கற்பூரம் அணைவதற்குள் மெட்ராஸிலிருந்து மதினி வந்து இறங்கினாள். என் வீட்டுக்காரரின் அக்காள். புருஷன், பிள்ளைகள், புருஷனின் அண்ணன் குடும்பம் என்று ஒரு பஸ்ஸுக்கு ஆள். தண்ணீர் குடிக்க அடுக்களைக்குள் வந்தவள் தொட்டியைப் பார்த்ததும் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"எப்பம்மா வீட்டுக்குள்ள சாமி வச்சிய?"

"நந்திக்கு வந்த கல்லு. அருவித் தண்ணி விட்டிருக்கு" என்றாள் அத்தை. சொல்லச் சொல்ல அவள் முகமே மாறிப்போனது. பாவி மகள் நான் அதைக் கவனிக்கவில்லை. பந்தி முடிந்ததும் எச்சில் தம்ளர்களையும் வட்டில்களையும் அடுக்கித் தூக்கிக்கொண்டு, ராணி மாதிரி தொட்டிக்கு நடந்தேன்.

"ஏட்டி, நில்லு! திருநீறு பூசிக் கற்பூரம் காட்டுன கல்லுல எச்சி ஏனத்தப் போடுதியே, ஒனக்குக் கூறு இருக்கா?"

"அத்தை, அது ஏனம் கழுவுத தொட்டி!"

"நீதானட்டி பூசை பண்ணுன?"

வட்டில்களோடு அங்கணத்துக்குப் போய்க் குத்தவைத்தேன். ஆத்திரத்தில் நான் தேய்த்த தேய்ப்பில் பாத்திரம் பொத்துப்போயிருக்க வேண்டும்.

அப்புறம் நடந்ததெல்லாம் அநியாயம். விடிந்தால் மதினி தொட்டிக்குப் பூப் போட்டாள். மாமனார் பக்கத்தில் விளக்கு வைக்கச் சொன்னார். குளித்துவிட்டு வந்த கூட்டம் ஈரத்தலையோடு வரிசையில் நின்று கும்பிட்டது. ஒரு நாள் சுண்டல் நைவேத்தியம். அந்தச் சுண்டல் சட்டியைக் கழுவியதும் நான்தான், அங்கணத்தில்!

"சீசன் முடியட்டும், அம்மா மனசு மாறிரும்" என்றார் வீட்டுக்காரர்.

"அதுக்குள்ள பிள்ளையே பொறந்துரும்" என்றேன். அவர் பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிவிட்டது என்று நழுவினார். அன்று ஞாயிற்றுக்கிழமை.

மத்தியானம் எல்லோரும் தின்று முடித்து முன்கட்டில் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்கள். நான் வெண்கலப் பானையோடு மல்லுக்கட்டிவிட்டு எழுந்திருக்கப் பார்த்தேன். முடியவில்லை. கால் மரத்துக் கிடந்தது. "அத்தை!" என்று கத்தினேன். "மதினி!" என்று கத்தினேன். மதினி எனக்கு மூன்றடி தள்ளித்தான் நின்றாள், தொட்டிக்கு முன்னால், மணியை ஆட்டிக்கொண்டு. சூடம் அணைகிறவரை அவள் திரும்பவில்லை. நானாக எழுந்திருக்கப் போய், கால் வழுக்கி, சாம்பல் தண்ணீருக்குள்ளேயே பொத்தென்று உட்கார்ந்துவிட்டேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒரு நிமிஷம் மூச்சு விடாமல் இருந்தேன். உள்ளே பிள்ளை ஒரு உதை விட்டது. அப்பாடா என்று இருந்தது. பயம் போனதும் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

எப்படி எழுந்தேன் என்று தெரியாது. தலையிலிருந்து கால்வரை சாம்பலும் புளியுமாக, புடவையிலிருந்து தண்ணீர் சொட்ட, கதவு, மறைவு, மரியாதை எல்லாவற்றையும் தாண்டி முன்கட்டின் நடுவில் போய் நின்றேன்.

"மாமா! கல்லுக்கு ஆகாத எச்சி வயித்துப்பிள்ளைக்காரிக்கு மட்டும் ஆகுமா?"

சத்தம் தெருவுக்கே கேட்டிருக்கும். வெற்றிலை மென்ற வாயெல்லாம் அப்படியே நின்றன. மாமனார் என்னைப் பார்க்கவில்லை. மெதுவாக அத்தை பக்கம் திரும்பி, "அவ என்ன சொல்லுதா?" என்றார்.

அத்தை என்னை ஏற இறங்கப் பார்த்தாள். புடவையைப் பார்த்தாள், வயிற்றைப் பார்த்தாள். "எச்சி கல்லுக்கு ஆகாதுன்னா தனக்கும் ஆகாதுங்கா" என்றாள்.

மாமனார் சுவரைப் பார்த்துக்கொண்டே, "அப்பம் பிள்ளை பொறக்குத வரைக்கும் அவ ஏனம் கழுவ வேண்டாம். சாமி சாமியா இருக்கட்டும். வீட்டுல வேற பொம்பளைக இல்லையா?" என்றார்.

சம்பந்தி வீட்டாரை ஏவ முடியாது, வேறு பொம்பளைகள் என்றால் அத்தையும் மதினியும்தான். அத்தை பழகியவள். மெட்ராஸ் மதினி இரண்டு வேளை அங்கணத்தில் உட்கார்ந்தாள். மூன்றாவது வேளை, "ஐயோ என் முதுகு" என்று முனகியபடி வட்டில்களோடு எழுந்தாள். நேரே தொட்டியிடம் போனாள். தான் போட்ட பூவை எடுத்து ஜன்னலில் வைத்தாள். முந்தானையை நனைத்துத் திருநீற்றை ஒரே துடைப்பாகத் துடைத்தாள். வட்டில்களை உள்ளே கவிழ்த்தாள்.

"என்னட்டி பண்ணுத?" என்று அலறினாள் அத்தை.

"கல்லுதானம்மா?" என்றாள் மதினி.

அந்தத் தொட்டி இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறது. கல்யாணம், காட்சி என்று குடும்பம் கூடினால் யாராவது ஒருத்தர், பெரும்பாலும் மதினியின் மகன், "தொட்டிக்குத் திருநீறு பூசுன எங்க அத்தை இவங்கதான்" என்று தொடங்கிவிடுவான். நான் கோடு இழுத்தது, கற்பூரம் காட்டியது, சாம்பலோடு முன்கட்டில் நின்றது எல்லாம் வரும். அவன் அம்மா துடைத்தது மட்டும் வரவே வராது. போன தீபாவளிக்கு வந்த புது மருமகளுக்கும் சொன்னான். அவள் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். நானும்தான் சிரித்தேன், என்ன செய்ய? சிரித்துக்கொண்டே ஒவ்வொருவராக எழுந்துபோய், தின்ற தட்டைத் தொட்டியில் போட்டுவிட்டு, ஈரக் கையைத் துடைத்தபடி டிவி பார்க்கப் போனார்கள்.