எனக்கு வயிற்றுப்போக்கு இல்லை என்பது குறித்து

அன்பும் மரியாதையும் நிறைந்த சகலை அவர்களுக்கு,

கப்பலின் ஆறாம் தளத்திலிருந்து உங்கள் மூத்த சகலை எழுதிக்கொள்வது. நானும் என் மனைவியும் நலம். கடிதம் என்றால் முதல் வரியில் நலம் என்று எழுதுவது எல்லோருக்கும் வழக்கம்தான். ஆனால் நான் வழக்கத்துக்காக எழுதவில்லை. நலமாக இருக்கிறேன் என்பதைத் தெரிவிக்கத்தான் இந்த முழுக் கடிதமும். நீங்களும் உங்கள் வீட்டம்மாவும் நலமாக இருப்பதை இன்று காலை ஆறு மாடி உயரத்திலிருந்து என் கண்ணாலேயே பார்த்துவிட்டதால், அதைத் தனியாக விசாரிக்கவில்லை.

போனில் சொல்லியிருக்கலாம். நடுக்கடலில் சிக்னல் வந்து வந்து போகிறது. மேலும் இந்த விஷயத்தைப் பேச்சில் சொன்னால் நீங்கள் நடுநடுவே சிரிப்பீர்கள். எழுதினால் கடைசியில் ஒரேயடியாகச் சிரித்து முடித்துவிடலாம். ஆகவே எழுதி, படம் எடுத்து, சிக்னல் வரும்போது உங்கள் கைபேசிக்கு அனுப்புகிறேன்.

இன்று காலை நீங்கள் இருவரும் துறைமுக மேடையில் குடையோடு நின்றிருந்தபோது, பால்கனியிலிருந்து என் மனைவி தன் தங்கையிடம் போனில், "அவருக்குக் கொஞ்சம் வயித்தால போகுது, அதான் எங்கள எறங்க விடல" என்று சொன்னாள். பக்கத்தில் நின்ற எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. போனைப் பிடுங்குவதா, வேண்டாமா என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே தகவல் உங்கள் காதுக்குப் போய்விட்டது. நீங்கள் அண்ணாந்து பார்த்து, வயிற்றைத் தடவிக் காட்டி, சட்டைப்பையிலிருந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்து ஆட்டினீர்கள். மருந்துக்கடைக்காரருக்கு அது பாசம் காட்டும் முறை என்பது எனக்குத் தெரியும். ஆனால் எங்கள் வரிசைப் பால்கனிகளில் அப்போது நூறு பேராவது நின்றிருந்தார்கள். அத்தனை பேரும் அட்டையைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்கள். முப்பத்து நான்கு வருடம் உணவு ஆய்வாளராக இருந்து பதினொரு ஓட்டல்களை இழுத்து மூடிய மனிதன் நான். எனக்கு வயிற்றுப்போக்கு என்றால், பூட்டுக்கடைக்காரன் வீட்டில் திருட்டுப் போன மாதிரி. ஆகவே நடந்ததை நடந்தபடி பதிவு செய்கிறேன்.

இந்தப் பயணத்துக்கு மகள்தான் ஏற்பாடு செய்தாள். நான் முதலிலேயே மறுத்தேன். கப்பல் என்பது வாசல் இல்லாத ஓட்டல். சாப்பாடு சரியில்லை என்றால் எழுந்து போக வழி கிடையாது. இரண்டாயிரம் பேருக்கு ஒரே சமையல்கூடம், ஒரே காற்று, ஒரே கைப்பிடி. ஒருவர் தும்மினால் இன்னொருவர் முகம் துடைக்கும் தூரத்தில்தான் எல்லோரும் இருப்பார்கள். இதையெல்லாம் மகளிடம் எடுத்துச் சொல்லிக்கொண்டிருந்தபோது என் மனைவி பயணத் தாளைப் பிரித்து, நான்காம் நாள் என்ற இடத்தில் விரலை வைத்தாள். உங்கள் ஊர்த் துறைமுகம், காலை எட்டு முதல் பன்னிரண்டு வரை. "ஏழு வருஷமாச்சு என் தங்கச்சியப் பாத்து. நீங்க வராட்டியும் நான் போறேன்" என்றாள். அதோடு நானும் பெட்டியைக் கட்டினேன். என் முழங்கால் அறுவை, அவள் தங்கையின் கண் அறுவை, இங்கே ஒரு பிரசவம், அங்கே ஒரு பிரசவம் என்று ஒவ்வொரு வருடமும் ஏதாவது ஒன்று குறுக்கே வந்து ஏழு வருடம் ஓடிவிட்டது உங்களுக்கும் தெரியும்.

ஏறிய அன்றே என் வேலையை ஆரம்பித்துவிட்டேன். இங்கே சாப்பாட்டை வரிசையாக வைத்துவிடுகிறார்கள். நாமே போட்டுக்கொள்ள வேண்டும். உணவில் குறையில்லை. கரண்டியில்தான் விஷயம் இருக்கிறது. மூக்கைத் துடைத்த கை, குழந்தையைத் துடைத்த கை, சீட்டு விளையாடிய கை என்று ஒரு கரண்டியை ஒரு வேளையில் ஆயிரம் கைகள் பிடிக்கின்றன. நான் காகிதக் கைக்குட்டையைச் சுற்றித்தான் பிடித்தேன். லிஃப்ட் பொத்தானை முழங்கையால் அழுத்தினேன். அதில் ஒருமுறை மூன்று தளங்களுக்குச் சேர்த்து அழுத்தி, கூட இருந்தவர்களின் பொல்லாப்பைச் சம்பாதித்துக்கொண்டேன். கேப்டன் வாசலில் நின்று எல்லோருக்கும் கை கொடுத்தபோது நான் மட்டும் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, கப்பலை வாங்க வந்தவன் போல நடந்து போனேன். சாப்பாட்டுக் கூடத்து வாசலில் கையில் ஒரு திரவத்தைத் தெளிக்கிறார்கள். கப்பல்களில் பரவும் வாந்திக் கிருமிக்கு அது போதாது, சோப்பும் தண்ணீரும்தான் சரி என்று தெளிக்கிற பெண்ணிடம் பொறுமையாக விளக்கினேன். பின்னால் வரிசை நீண்டுவிட்டது. என் மனைவி தனக்கு யாரென்றே தெரியாத ஒரு குடும்பத்தோடு உள்ளே போய் உட்கார்ந்துவிட்டாள்.

இரண்டாம் நாள் மத்தியானம் ஒலிபெருக்கியில் கேப்டன் பேசினார். பயணிகள் சிலருக்கு வாந்தியும் வயிற்றுப்போக்கும் கண்டிருப்பதாகவும், கைகளைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும் என்றும், நோய் கண்டவர்களும் அவர்களோடு ஒரே அறையில் இருப்பவர்களும் நாற்பத்தெட்டு மணி நேரம் வெளியே வரக்கூடாது என்றும் சொன்னார். மனைவி என்னைப் பார்த்து, "ஏறினதுலேர்ந்து இப்பதான் உங்க மூஞ்சில ஒரு களை வந்திருக்கு" என்றாள்.

இனி சொல்லப்போவது உங்களுக்கு மட்டும். எங்கள் வேலையில் ஒரு பழக்கம் உண்டு. எந்தச் சமையல்கூடத்துக்குப் போனாலும் ஒவ்வொரு பதார்த்தத்திலும் ஒரு கரண்டி எடுத்து, சின்னக் கண்ணாடிப் புட்டியில் போட்டு மூடி, சீட்டு ஒட்டி, குளிரில் வைத்துவிடுவோம். பிறகு யாருக்காவது உடம்பு சரியில்லாமல் போனால், எந்தப் பதார்த்தம் என்று சோதித்துப் பார்க்கலாம். ஓய்வு பெற்று எட்டு வருடம் ஆகியும் அந்தப் பழக்கம் என்னை விடவில்லை. சட்டைகளுக்கு நடுவே இருபத்து நான்கு புட்டிகளை மடித்து வைத்துக் கொண்டுவந்திருந்தேன். தலைக்குத் தேய்க்கும் எண்ணெய்க்கு என்று மனைவி நினைத்துக்கொண்டிருந்தாள். அவள் அப்படி நினைப்பதை நான் கெடுக்கவில்லை. மூன்றாம் நாள் காலைக்குள் எங்கள் அறைக் குளிர்பெட்டியில் ஒன்பது புட்டிகள் சேர்ந்துவிட்டன. ஒவ்வொன்றிலும் முறைப்படி சீட்டு. உதாரணத்துக்கு ஒன்று: மாதிரி எண் ஐந்து. இரண்டாம் நாள், காலை 8.10. நிறம், மஞ்சள். தன்மை, நீர்த்தது. அளவு, ஒரு கரண்டி. கீழே என் கையெழுத்து.

அது பருப்பு சூப். சூப் என்று ஏன் எழுதவில்லை என்று நீங்கள் கேட்கலாம். பதார்த்தத்தின் பெயர் தனிப் பதிவேட்டில் இருக்கும்; புட்டியில் எழுதக்கூடாது. சோதிப்பவர் பெயரைப் பார்த்து முன்முடிவுக்கு வந்துவிடக்கூடாது என்பதற்காக. மிக நல்ல விதி அது.

மூன்றாம் நாள் காலை பத்தரை மணிக்கு அறையைச் சுத்தம் செய்ய வந்த பணிப்பெண் தண்ணீர்ப் புட்டி வைப்பதற்காகக் குளிர்பெட்டியைத் திறந்தாள். ஒரு புட்டியை எடுத்துச் சீட்டைப் படித்தாள். அடுத்ததைக் கையில் எடுக்காமலே குனிந்து படித்தாள். என் மனைவியைப் பார்த்து, "அம்மா, எத்தனை நாளா இப்படி?" என்று மெதுவாகக் கேட்டாள். நான் எப்போதும் இப்படித்தான் என்ற பொருளில் என் மனைவி, "கல்யாணம் ஆனதுலேர்ந்து" என்று பதில் சொன்னாள். அந்தப் பெண் வாளியைக்கூட எடுக்காமல் போய்விட்டாள்.

பதினொரு மணிக்குக் கப்பல் மருத்துவர் வந்தார். சின்ன வயது அம்மையார், முகக்கவசம், கையுறை, பின்னால் இரண்டு பேர். இது ஆய்வு மாதிரி, உணவு, வேறெதுவும் இல்லை என்று நான் நிதானமாக விளக்கினேன். பெயரை எழுதாததன் காரணத்தையும் விளக்கினேன். அவர் தலையாட்டிய விதத்தில் நம்பிக்கை தெரியவில்லை. இருபத்தேழு வயதுப் பெண்ணிடம் என் முப்பத்து நான்கு வருட அனுபவத்தை எப்படி நிரூபிப்பது? எனக்கு ஒரே வழிதான் தோன்றியது. ஐந்தாம் எண் புட்டியைத் திறந்து, அவர் கண்ணெதிரே முழுவதையும் குடித்துக் காட்டினேன்.

பின்னால் நின்ற இரண்டு பேரில் ஒருவர் வெளியே போய்விட்டார். மருத்துவர் மட்டும் அசையவில்லை. அந்தப் பெண்ணை நான் மெச்சுகிறேன். அவர் காலிப் புட்டியை வாங்கிச் சீட்டில் இருந்த நாளைப் படித்துவிட்டு, "சரி, சூப்புன்னே வச்சுக்குவோம். நேத்துக் காலைல எடுத்த சூப்ப இன்னைக்குக் குடிச்சிருக்கீங்க. ஊரெல்லாம் வாந்தி எடுத்துக்கிட்டு இருக்கிற கப்பல்ல. இனிமே உங்கள நாப்பத்தெட்டு மணி நேரம் வச்சுப் பாக்காம நான் எப்படி வெளிய விடறது?" என்றார். அவர் இடத்தில் நான் இருந்திருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். விதி சரியானது. அப்போதுதான் என் மனைவி, "டாக்டர், நான் குடிக்கலியே. நாளைக்கு நான் மட்டும் எறங்கலாமா?" என்று கேட்டாள். ஒரே அறை என்பதால் முடியாது என்று மருத்துவர் சொன்னார். அதைச் சொல்லும்போது அவருக்கே கஷ்டமாக இருந்தது.

சகலை, அவள் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். தங்கைக்காகப் பின்னி வைத்திருந்த கம்பளிச் சட்டையைப் பையிலிருந்து எடுத்துப் பார்த்தாள்; மடிப்பு சரியாகத்தான் இருந்தது; இருந்தாலும் பிரித்து மறுபடியும் மடித்து உள்ளே வைத்தாள். மத்தியானச் சாப்பாட்டை வாசலில் வைத்துவிட்டுப் போனார்கள். நான் மாதிரி எடுக்கவில்லை. அதைக் கவனித்தாளா என்று பார்த்தேன், அவள் கவனிக்கவில்லை.

இன்று காலை நடந்ததை நீங்கள் கீழேயிருந்து பார்த்தீர்கள். நான் மேலேயிருந்து பார்த்ததைச் சொல்கிறேன். ஒரு மணி பத்து நிமிடம் பேசினார்கள். முழங்கால் வலி, பக்கத்து வீட்டுச் சுவர்த் தகராறு, யார் யாருக்கு முடி கொட்டிவிட்டது என்று வீட்டிலிருந்தே பேசியிருக்கக்கூடிய விஷயங்கள்தான். ஆனால் என் மனைவி பால்கனிக் கம்பியை ஒரு கையால் இறுகப் பிடித்துக்கொண்டு பேசினாள். நான் துடைக்காத கம்பி அது. காகிதக் கைக்குட்டையைச் சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டேன். "இவ்ளோ தூரத்துலேர்ந்து பாத்தாலும் நீ இளைச்சுட்டேன்னு தெரியுதுடி" என்றாள். போனில் பேட்டரி போன பிறகு இரண்டு பேரும் கையை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தார்கள். கப்பல் கிளம்பியது. உங்கள் வீட்டம்மா மேடையின் கடைசிவரை கப்பலோடு கூடவே நடந்து வந்தார்கள். நீங்கள் குடையைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடி வந்தீர்கள். துறைமுகம் மறைந்து வெகு நேரம் கழித்துத்தான் அவள் உள்ளே வந்தாள். அடுத்த வருடம் விமானத்திலேயே போகலாம் என்று ஆரம்பித்தேன். "அடுத்த தடவைன்னு சொல்லாதீங்க. எனக்கு அறுபத்தாறு, அவளுக்கு அறுபத்து மூணு" என்றாள்.

உங்களிடம் வயிற்றுப்போக்கு என்று சொன்னது என் மானத்தைக் காப்பாற்றத்தான் என்று பிறகு தெரிந்துகொண்டேன். புட்டிக் கதையைச் சொன்னால் ஊர் சிரிக்கும் என்று நினைத்திருக்கிறாள். அவள் நல்ல எண்ணத்துக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன். ஆனால் தவறான தகவல் பதிவில் நிற்கக்கூடாது. எனக்கு வாந்தி இல்லை. வயிற்றுப்போக்கு இல்லை. காய்ச்சல் இல்லை. இருந்தது அதிகப்பிரசங்கித்தனம் மட்டும்தான். நீங்களும் உங்கள் வீட்டம்மாவும் எந்தக் காலத்திலும் கப்பல் பயணம் போக வேண்டாம். போனால் கைப்பிடியைத் தொட வேண்டாம். தொட்டால் சோப்புப் போடுங்கள்.

உங்கள் வீட்டம்மாவிடம் நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்லுங்கள். பேரப்பிள்ளைகளுக்கு என் ஆசிகள். எல்லோரும் நூறு வயது வரை நல்ல பசியோடும் கழுவிய கையோடும் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
நோய் ஏதுமற்ற,
உங்கள் மூத்த சகலை

பி.கு.: நேற்றுச் சிக்னல் வராததால் மேலே உள்ளதை அனுப்ப முடியவில்லை. நல்லதாகப் போயிற்று. அதைப் படித்துவிட்டு அழித்துவிடவும். இன்று காலை கேப்டன் மறுபடியும் பேசினார். நோய் நாற்பது பேருக்கு மேல் பரவிவிட்டதாம். அடுத்த ஊரைத் தவிர்த்துவிட்டு, வந்த வழியே திரும்பி, நாளைக் காலை பத்து மணிக்கு உங்கள் துறைமுகத்தில் தண்ணீர் ஏற்ற நிற்கிறார்கள். பதினொரு மணிக்கு எங்கள் கெடு முடிந்ததும் மருத்துவர் ஒரு படிவத்தோடு வந்தார். நாங்கள் அங்கே இறங்கலாமா என்று கேட்டேன். "நல்லா இருக்கறவங்க யாரையும் எறக்கறதில்ல. உள்ளூர்ல பாத்துக்க சொந்தக்காரங்க இருக்கிற நோயாளியும், அவங்க கூட இருக்கறவங்களும் மட்டும்தான்" என்றார். வாந்தி எத்தனை முறை என்ற இடத்தில் நான்கு என்று எழுதினேன். மற்றதற்கு ஏழு. சொந்தக்காரர் என்ற இடத்தில் உங்கள் பெயர். மருத்துவர் படிவத்தைப் பார்த்தார். நான் துடைத்துச் சாப்பிட்டு வைத்திருந்த காலைச் சாப்பாட்டுத் தட்டைப் பார்த்தார். பால்கனியில் எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றிருந்த என் மனைவியைப் பார்த்தார். "உடம்பப் பாத்துக்குங்க" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். ஆகவே சகலை, எனக்குக் கடுமையான வயிற்றுப்போக்கு. நாளை துறைமுக வாசலில் முகத்தைக் கொஞ்சம் கவலையாக வைத்துக்கொண்டு நில்லுங்கள். விஷயத்தைச் சொன்னதிலிருந்து என் மனைவி செருப்பைப் போட்டுக்கொண்டு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருக்கிறாள். இறங்க இன்னும் இருபத்திரண்டு மணி நேரம் இருக்கிறது.