கார்டு ஒத்துக்க மாட்டேங்குது

எனக்குக் கோபமே வராது என்று நினைப்பவர்கள் எங்கள் தெருவில் யாரும் இல்லை. ஆனாலும் அந்த ஞாயிற்றுக்கிழமை வந்த கோபம் தனி ரகம்.

சாயங்காலம் ஆபீஸ் கும்பலோடு கம்ப்யூட்டரில் கார் பந்தயம். போன தடவை நடுவழியில் என் திரை உறைந்து நின்று, எங்கள் கேஷியரிடம் தோற்றேன். போயும் போயும் கேஷியரிடம். மறுநாள் முழுக்க என்னைப் பார்க்கும்போதெல்லாம் அந்த ஆள் வாயாலேயே ஹாரன் அடித்தார். அந்த வயிற்றெரிச்சலில்தான், திரை இனி உறையாமல் ஓட, புது கிராபிக்ஸ் கார்டு வாங்கினேன். என் மனைவி, வீட்டில் இருந்தபடியே அதே கம்ப்யூட்டரில் கட்டடங்களுக்கு பிளான் வரைந்து கொடுப்பவள். "உன் வேலைக்குத்தான் வாங்கினேன்" என்று சொல்லி வைத்தேன். "அப்படியா, ரொம்ப சந்தோஷம்" என்றாள். நம்பிவிட்டாள் என்று நினைத்தேன்.

காலையிலேயே கம்ப்யூட்டர் பெட்டியைத் திறந்து, கார்டைப் பொருத்தி ஸ்விட்சைப் போட்டேன். திரை கறுப்பு. கழற்றி, ஊதி, மறுபடி அழுத்தினேன். அதே கறுப்பு. மேஜையில் ஓங்கி ஒரு குத்து விட்டேன். கைதான் வீங்கியது.

"என்னங்க சத்தம்?"

"இந்த மதர்போர்டு பழசு. புதுக் கார்டை ஒத்துக்க மாட்டேங்குது. மருமக வந்ததும் மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிற மாமியார் மாதிரி."

"உங்கம்மாவை ஏன் இழுக்கறீங்க? பாவம், அவங்க என்னைக்கு அப்படி இருந்தாங்க?"

கடைக்காரருக்குப் போன் போட்டேன். "எல்லாம் ஒத்துப்போகும்னு அடிச்சுச் சொன்னியே" என்று ஆரம்பித்து, அவர் கடை, அவர் ஸ்க்ரூ டிரைவர், அவர் மீசை என்று ஒன்று விடாமல் திட்டித் தீர்த்தேன். அவர் நிதானமாகக் கேட்டுவிட்டு, "போனை மேடத்துகிட்ட குடுங்க சார். இனிமே அவங்ககிட்ட மட்டும்தான் பேசுவேன்" என்றார்.

மனைவி போனோடு சமையலறைக்குப் போனாள். கொஞ்ச நேரம் "ம்... சரிங்க" என்று மட்டும் கேட்டது. திரும்பி வந்தாள்.

"என்னவாம்?"

"தூசி இருந்தா கார்டு வேலை செய்யாதாம். பெட்டிக்குள்ள மட்டும் இல்ல, ரூம்லயே இருக்கக் கூடாதாம். முதல்ல சீலிங் ஃபேன்."

கடைக்காரரின் பரம்பரையையே சபித்துக்கொண்டு துடைத்தேன். கண்ணிலும் காதிலும் தூசி.

"அடுத்து?"

"காத்தோட்டம் வேணுமாம். பீரோவை அந்தச் சுவரோரம் நகர்த்தணுமாம்."

"பீரோவுக்கும் மதர்போர்டுக்கும் என்னடி சம்பந்தம்?"

"நானா சொல்றேன்? வேணும்னா நீங்களே கேளுங்க."

எப்படிக் கேட்பது? அந்த ஆள்தான் என்னோடு பேச மாட்டாரே. பல்லைக் கடித்துக்கொண்டு தள்ளினேன். இடுப்பு பிடித்துக்கொண்டது. பிறகு ஜன்னல் கம்பி, கட்டிலுக்கு அடியில் கிடந்த மூட்டைகள், மூலையில் குவிந்த பழைய பேப்பர். எல்லாம் முடிந்தபோது வெயில் சாய்ந்துவிட்டது.

"கடைசியா ஒரு சின்ன வேலையாம்" என்று அவளே பெட்டிக்குள் கையை விட்டு, சும்மா தொங்கிக்கொண்டிருந்த ஒரு வயரைக் கார்டில் சொருகினாள். திரை பளிச்சென்று வந்தது.

பந்தயத்தில் கேஷியரைக் கண்ணுக்கெட்டாத தூரத்தில் விட்டுவிட்டு வந்தேன். ஜெயித்தவனுக்குப் பெருந்தன்மை வருமல்லவா, கடைக்காரரை நானே கூப்பிட்டேன்.

"காலையில பேசினதை மனசுல வச்சுக்காதீங்க. உங்க யோசனை பலிச்சிடுச்சு. ஆனாலும் பீரோவை நகர்த்தச் சொன்னது கொஞ்சம் அதிகம்."

"எந்த பீரோ சார்? கார்டுக்குப் பவர் வயர் குடுக்காம விட்டிருப்பீங்க, சொருகச் சொல்லுங்கன்னு மேடத்துகிட்ட சொன்னேன். அவ்வளவுதான் பேசினோம்."

எனக்கு உச்சி மண்டை கொதித்தது. திரும்பினேன். பளபளக்கும் ஃபேனுக்குக் கீழே கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள்.

"கத்தாதீங்க. அடுத்த ஞாயித்துக்கிழமையும் பந்தயம் இருக்காமே, கேஷியர் வீட்டம்மா சொன்னாங்க. பரண் இன்னும் பாக்கி இருக்கு. அந்த வயர் வேற மறுபடி கழண்டுக்கும் போலிருக்கு."

ஏணி எங்கே இருக்கிறது என்று மட்டும் கேட்டேன்.