எதிர்க்கடை ஆலிவ் காய் பற்றிச் சம்பந்திக்கு ஒரு விளக்கம்

பல்லாரோ சந்தை, பலெர்மோ.
உங்கள் கடைக்கு நேர் மேலே, இரண்டாம் மாடி.
வெள்ளிக்கிழமை காலை.

மதிப்பிற்குரிய சம்பந்தி காலோஜெரோ ஸ்பத்தாரோ அவர்கள் சமூகத்துக்கு, மேல்வீட்டு ஒனோஃப்ரியோ குசிமானோ மிகுந்த பணிவோடு எழுதிக்கொள்வது. இங்கே நானும் என் மனைவி வின்ச்சென்ஸாவும், உங்கள் மகன் சவேரியோவின் கைபிடித்து உங்கள் வீட்டுக்கு மருமகளாக வரப்போகும் எங்கள் நின்ஃபாவும் சௌக்கியம். அங்கே தாங்கள் சௌக்கியமா என்று கேட்பதுதான் முறை. ஆனால் இன்று காலை மீன்கடைக்காரரை நீங்கள் திட்டிய குரல் எங்கள் சமையலறை வரை தெளிவாகக் கேட்டதால், சௌக்கியம்தான் என்று தெரிந்துகொண்டேன். மூட்டு வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன்.

நீங்கள் போனை எடுப்பதில்லை. கடைக்கு முன்னால் வந்து நின்றால் முதுகைக் காட்டிக்கொண்டு பாலாடைக்கட்டியை எண்ணுகிறீர்கள். வழக்கம்போலக் கயிற்றில் கூடையை இறக்கி, கால் கிலோ ஆலிவும் ஒரு பிடி கேப்பர் மொட்டும் வேண்டும் என்று சீட்டு வைத்தால், கூடை மேலே வரும்போது அதில் ஆலிவும் இல்லை, கேப்பரும் இல்லை. புதன்கிழமை நாங்கள் கொடுத்தனுப்பிய கன்னோலித் தட்டுதான் நாடாகூடப் பிரிக்காமல் திரும்பி வருகிறது. சம்பந்தி கொடுத்தனுப்பிய இனிப்பை நாடா பிரிக்காமல் திருப்பி அனுப்பினால் என்ன அர்த்தம் என்று இந்த ஊரில் பிறந்த எனக்குத் தெரியாதா? வின்ச்சென்ஸா அந்தத் தட்டை மேஜைமேல் வைத்துவிட்டு என்னையும் தட்டையும் மாறி மாறிப் பார்த்தாள். அதனால்தான் இந்தக் கடிதத்தைக் கூடையில் வைத்து இறக்குகிறேன். கோபப்பட்டுக் கிழிப்பதற்கு முன்னால் முழுவதும் படியுங்கள். செவ்வாய்க்கிழமை நீங்கள் பார்த்தது உண்மை. நான் மறுக்கவில்லை. ஆனால் அது எப்படி நடந்தது என்று ஒரு மனுஷன் சொல்ல வேண்டாமா?

எல்லாவற்றுக்கும் காரணம் அந்தச் சிவப்புக் குடைக்காரப் பெண். உங்களுக்கும் தெரியும், தினமும் ஒரு பட்டாளத்தைக் கூட்டிக்கொண்டு வருவாளே, அவள்தான். காலையில் பனியனோடு பால்கனியில் நின்று காப்பி குடிப்பேன். அவள் சரியாக எனக்குக் கீழே வந்து நிற்பாள், குடையை மேலே நீட்டுவாள், ஏதோ சொல்வாள். உடனே அத்தனை பேரும் அண்ணாந்து என்னைப் பார்ப்பார்கள். சிலர் சிரிப்பார்கள், சிலர் தலையை ஆட்டுவார்கள், எல்லோரும் படம் எடுப்பார்கள். ஒருநாள் இங்கிலீஷில் சொல்வாள், ஒருநாள் ஜெர்மனில், ஒருநாள் எந்த பாஷை என்றே தெரியாது. ஒரு மனுஷன் எவ்வளவு நாள்தான் பொறுப்பான் சம்பந்தி? என்னைப் பற்றி உலகமெல்லாம் என்ன சொல்லிக்கொண்டு போகிறது என்று தெரியாமல் எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. பனியன் கிழிந்திருக்கிறதா என்று கண்ணாடியில் பார்த்தேன், கிழியவில்லை. அப்புறம்தான், செவ்வாய்க்கிழமைகளில் நம் நாட்டு வடக்கத்தியான்களுக்காக நம் பாஷையிலேயே ஒரு சுற்று உண்டு என்று நின்ஃபா போனில் பார்த்துச் சொன்னாள். நான் யாருக்கும் சொல்லாமல் பேரைப் பதிந்துவிட்டேன். பல்லாரோவில் பிறந்து வளர்ந்தவன் காசு கொடுத்துப் பல்லாரோவைச் சுற்றிப் பார்த்தான் என்று தெரிந்தால் முடிவெட்டுகிற கடையில் தலைகாட்ட முடியாது. அதனால் மச்சினனின் வைக்கோல் தொப்பி, ஒரு கறுப்புக் கண்ணாடி, முட்டிக்கு மேலே நிற்கும் கால்சட்டை. ஊர் வடக்கே பெர்கமோ என்று போட்டுக்கொண்டேன். அந்த ஊரில் நமக்குத் தெரிந்தவர் யாரும் இல்லை என்பதுதான் காரணம்.

கூட்டத்தில் போய் நின்றதும் அந்தப் பெண், ஜிசெல்லா என்று பெயர், என் சீட்டைப் பார்த்து முகமெல்லாம் மலர்ந்தாள். "ஐயா, நீங்க பெர்கமோவா? நானும் பெர்கமோதான். எந்தத் தெரு?"

தொப்பியை இன்னும் கீழே இழுத்துக்கொண்டேன். "கோயில் பக்கம்."

"எந்தக் கோயில்?"

"பெரிய கோயில்மா."

"பெர்கமோக்காரர் மாதிரியே பேசலையே ஐயா."

"தொண்டை கட்டியிருக்கு" என்றேன். நல்ல குடும்பத்துப் பெண், அதோடு விட்டுவிட்டாள். அதற்குப் பிறகு நான் வாயே திறப்பதில்லை என்று வைராக்கியம் எடுத்துக்கொண்டேன். அது எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்குத் தெரியாது. கடலைமாவுப் பனெல்லேவைக் கையில் கொடுத்துவிட்டு, அதன்மேல் எலுமிச்சை பிழிகிறவர் உண்டு, பிழியாதவரும் உண்டு, இரண்டும் சரிதான் என்கிறாள். இரண்டும் எப்படிச் சரியாகும்? பல்லைக் கடித்துக்கொண்டேன். அடுத்து மண்ணீரல் வைத்த ரொட்டி. வடக்கத்தியான் எட்டுப் பேரும் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். திரெந்தோவிலிருந்து வந்த பள்ளிக்கூட வாத்தியாரம்மா தன்னுடையதை மெல்ல என் கையில் திணித்தாள், அவள் புருஷனும் திணித்தான், பின்னால் நின்றவளும் திணித்தாள். சாப்பாட்டை எறியக் கூடாது என்று நான் சுவரோரம் நின்று ஒவ்வொன்றாகத் தின்றுகொண்டிருக்க, ஜிசெல்லா என்னையே பார்த்தாள். "ஐயாவுக்கு வயிறு எங்க ஊர் வயிறு இல்ல" என்றாள். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும் சம்பந்தி, பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது, அந்தச் சுற்று எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. கார்மினே கோயில் பக்கத்துச் சந்தில் ஆட்டுக் குடலை வெங்காயத் தாளில் சுற்றிச் சுடுகிறவர் இரண்டு தலைமுறையாக அங்கே இருக்கிறாராம். நம்ம தெருவிலிருந்து கூப்பிடு தூரம். நான் ஒருநாள்கூடப் போனதில்லை. ஏன் போனதில்லை என்று யோசித்தேன். அப்பா போனதில்லை, அதனால் நானும் போகவில்லை. அவ்வளவுதான் காரணம்.

கடைசியில் நம் தெருவுக்கு வந்தோம். இத்தனை நாள் காத்திருந்தது இதற்குத்தானே. ஜிசெல்லா குடையை நீட்டினாள். எல்லோரும் அண்ணாந்தோம், நானும் என் வீட்டையே அண்ணாந்து பார்த்தேன். "அந்தக் கயிறும் கூடையும் தெரியுதா? அந்த வீட்டுக்காரங்க கீழே இருக்கிற இந்த ஒரு கடையிலதான் வாங்குவாங்க. இங்க ஒவ்வொரு வீட்டுக்கும் மீனுக்கு ஒரு கடை, காய்க்கு ஒரு கடைன்னு உண்டு. அதை விட்டுட்டு எதிர்க்கடையில வாங்கினா, கட்டின பொண்டாட்டிய விட்டுட்டு அடுத்த வீட்டுக் கதவைத் தட்டின மாதிரி. பனியன் போட்ட ஒரு பெரியவர் எப்பவும் அங்க நிப்பாரு, இன்னிக்கு என்னவோ காணோம். பல்லாரோலயே ரொம்ப விசுவாசமான மனுஷன் அவருதான்" என்றாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. உலகத்துக்கெல்லாம் எத்தனை பாஷையில் என் விசுவாசத்தைச் சொல்லியிருக்கிறாள், நான் பனியனைச் சந்தேகப்பட்டேனே. அந்த நேரம் பார்த்து வின்ச்சென்ஸா துணி உலர்த்த வெளியே வந்தாள். எல்லோரும் கை ஆட்டினார்கள். நான் மட்டும் சும்மா நின்றால் சந்தேகம் வருமே என்று நானும் ஆட்டினேன். அவளும் எனக்குத் தனியாகச் சிரித்துக் கை ஆட்டினாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் என்னைப் பார்த்து அப்படிச் சிரித்ததே இல்லை.

இனிமேல்தான் நீங்கள் கவனமாகப் படிக்க வேண்டும். கூட்டம் உங்கள் கடையில் நின்றிருந்தால் ஒரு வம்பும் இல்லை. ஏன் நிற்கவில்லை என்று வாத்தியாரம்மா ஜிசெல்லாவிடம் கேட்டாள். போன வருஷம் ருசி பார்க்க ஆளுக்கு ஒரு காய் கேட்டதற்கு, "இது என்ன கல்யாண வீடா, வர்றவன் போறவனுக்கெல்லாம் அள்ளிக் குடுக்க?" என்று நீங்கள் விரட்டினீர்களாம். தப்பு உங்கள்மேல் என்று நான் சொல்லவில்லை. நடந்ததைச் சொல்கிறேன். அதனால் எல்லோரும் தெருவைக் கடந்து எதிர்ப்பக்கம் ப்ரொவிதென்சா அம்மாள் கடைக்குப் போனார்கள். நான் வரிசையில் கடைசி ஆளாக, தூணுக்குப் பின்னால், உங்கள் கடையைப் பார்க்காமல் நின்றேன். எத்தனையோ வருஷமாக நான் பால்கனியிலும் அந்த அம்மாள் கடையிலுமாக ஒருவரை ஒருவர் பார்த்திருக்கிறோம், ஒரு வார்த்தை பேசியதில்லை. வைக்கோல் தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் அந்த அம்மாளிடம் ஒரு நிமிஷம்கூடப் பலிக்கவில்லை. முதலில் என் செருப்பைப் பார்த்தாள், அப்புறம் பால்கனியைப் பார்த்தாள், அப்புறம் கரண்டியை எடுத்தாள்.

"பெர்கமோ ஐயாவுக்கு வேணாமா?" என்றாள்.

"வேண்டாம்மா. வயிறு சரியில்ல."

"நாலு மண்ணீரல் ரொட்டி தின்ன வயிறுதானே? சந்தை முழுக்கத் தெரியும். வாயத் தொற கண்ணு."

மறுத்துப் பேச வாயைத் திறந்தேன். அதுதான் என் தப்பு. திறந்த வாயில் அந்த அம்மாள் நசுக்கின பச்சை ஆலிவ் ஒன்றைத் தன் விரலாலேயே வைத்துவிட்டாள். வாயில் வைத்ததைத் துப்புவது நம் வழக்கம் இல்லை. கடித்தேன். கடித்ததும் பெர்கமோ, தொண்டைக் கட்டு, வைராக்கியம் எல்லாம் பறந்துபோய், "அடி என் தாயே, இதுல என்னத்தப் போட்டிருக்க?" என்று அசல் பல்லாரோக் குரலில் கேட்டுவிட்டேன். தெருவே திரும்பியது. ஜிசெல்லாவின் குடை கீழே விழுந்தது. மாடியில் வின்ச்சென்ஸா என் பெயரைச் சொன்னாள், அதுவும் முழுப்பெயரை. திரும்பினால் நீங்கள். கடையில் கட்டும் மேல்துணியை அவிழ்த்தீர்கள், மடித்தீர்கள், பட்டப்பகலில் கடைக் கதவை இழுத்து மூடினீர்கள். உங்கள் அப்பா காலமான அன்றைக்குத்தான் அந்தக் கதவு பகலில் மூடியது என்று தெருவில் பேசிக்கொள்கிறார்கள்.

ருசியைப் பற்றி உங்களுக்குக் கவலை வேண்டாம். பிரமாதமாக ஒன்றும் இல்லை. சொல்லப்போனால் உப்பு கொஞ்சம் கம்மி, எண்ணெயும் சுமார்தான். நான் கத்தியது கொட்டையைக் கடித்த வலியில். உங்கள் சரக்குக்கு அது கிட்டக்கூட வராது என்று எந்தப் புனிதர் சிலைமேலும் கையடித்துச் சொல்வேன். இனி அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டேன்.

ஆனால் பிள்ளைகள் விஷயம் வேறு. நேற்று நின்ஃபா என் முன்னால் வந்து நின்றாள். "அப்பா, ஞாயித்துக்கிழமை நம்ம வீட்டு விருந்துக்கு மாமா வந்து உங்க பக்கத்துல உக்காரணும். ஒரு ஆலிவ் காய்க்காக ரெண்டு கிழவனுங்க மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டிருந்தா, நானும் சவேரியோவும் நகராட்சியில கையெழுத்துப் போட்டுட்டு மிலானோ ரயிலேறிடுவோம். அவனுக்கு அங்க வேலை தயாரா இருக்கு" என்றாள். அவள் விளையாட்டுக்குச் சொல்கிறவள் இல்லை, பெட்டி கட்டிலுக்கு அடியிலிருந்து வெளியே வந்துவிட்டது. எனக்குப் பயமாக இருக்கிறது சம்பந்தி. ஒரே பெண். அவள் இல்லாத வீட்டில் நானும் வின்ச்சென்ஸாவும் யாருக்காகச் சண்டை போடுவது? உங்களுக்கும் ஒரே பையன். நீங்கள் என்னை மன்னிக்க வேண்டாம், ஞாயிறு மதியம் வந்து உட்கார்ந்தால் போதும். வின்ச்சென்ஸா அடுப்பில் வளையப் பாஸ்தா வைக்கிறாள், மேலே கருகின ஓரம் முழுவதும் உங்களுக்கு. நான் பேசக் கூடாது என்றால் பேசவில்லை. பெர்கமோக்காரனாகவே உட்கார்ந்திருக்கிறேன்.

புனித ரோசாலியா தாய் உங்கள் கடையையும் மூட்டுகளையும் நம் பிள்ளைகளையும் காக்கட்டும். சம்பந்தி அம்மாவுக்கு எங்கள் வணக்கம், சவேரியோவுக்கு எங்கள் ஆசி.

இப்படிக்கு,
உங்கள் கடையைத் தவிர வேறு கடை அறியாத,
ஒனோஃப்ரியோ குசிமானோ.

பின்குறிப்பு: ருசியைப் பற்றி மேலே எழுதியது அத்தனையும் பொய். நாலு நாளாக எனக்கு வேறு நினைப்பே இல்லை. பூண்டு இருக்கிறது, செலரி இருக்கிறது, புதினா இருக்கிறது, அதற்குப் பின்னால் இன்னொன்று இருக்கிறது, பிடிபட மாட்டேன் என்கிறது. ஆரஞ்சுத் தோலா, காட்டுச் சோம்பா? இதைக் கண்டுபிடிக்கிற நாக்கு பலெர்மோவில் ஒன்றுதான் உண்டு, அது உங்களுடையது. ராத்திரி நீங்கள் சாப்பிடாமல் எதிர்க்கடையையே வெறித்துப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததாகச் சவேரியோ சொன்னான். அது வெறும் கோபம்தானா சம்பந்தி? ஒரு ஆயுள் முழுக்க அந்த வாசனைக்கு எதிரே நின்றவர், ஒருநாளாவது தெரிந்துகொள்ள ஆசைப்பட்டிருக்க மாட்டீர்களா? கூடையில் இந்தக் கடிதத்துக்கு அடியில் ஒரு பொட்டலம் இருக்கிறது. இன்று விடியும்போது தொப்பி, கண்ணாடி ஒன்றும் இல்லாமல் நானே போய் வாங்கினேன். "ரெண்டு பேருக்காப் போடட்டுமா?" என்று அந்த அம்மாள் கேட்டாள், போடச் சொன்னேன். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு தின்று பாருங்கள். ஆரஞ்சுத் தோல் என்றால் கயிற்றை ஒரு தடவை இழுங்கள், சோம்பு என்றால் இரண்டு தடவை. நான் பால்கனியை விட்டு நகர மாட்டேன். கோபம்தான் பெரிது என்றால் இழுக்க வேண்டாம், பொட்டலத்தை மட்டும் பிரிக்காமல் மேலே அனுப்பிவிடுங்கள். என் பங்கைக் காலையிலேயே தின்றுவிட்டேன்.